நான் நார்வேயாக இருந்த காலம்

போன மாதம் நான் வேலை பார்த்த அமைச்சகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார்களாம். மனித உரிமை உடன்படிக்கைகளில் கையெழுத்துப் போட்ட நம் நாடு, ஜெனீவாவில் உட்கார்ந்திருக்கும் கமிட்டிகளுக்கு எப்படி அறிக்கை கொடுக்கிறது, எப்படிப் பதில் சொல்கிறது என்று பழைய ஆள் ஒருவர் வந்து பேச வேண்டுமாம். போகிற போக்கில் அவள் ஒரு சந்தேகமும் கேட்டாள். "மேடம், ஜெனீவா போவதற்கு முன்னால் இங்கே ஒத்திகை நடத்துகிறோமே, அதன் மினிட்ஸில் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே பெரிய எழுத்தில் 'ஒத்திகை' என்று அச்சடிக்க வேண்டும் என்று ஒரு பழைய உத்தரவு இருக்கிறது. ஏன் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை." எனக்கும் சரியாக ஞாபகமில்லை அம்மா என்று சொல்லி போனை வைத்தேன்.

ஞாபகமில்லாமல் என்ன? நன்றாகவே இருக்கிறது. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ ஏறிப் போய், அவர்கள் கொடுத்த பூச்செண்டை வாங்கிக்கொண்டு, யார் மனமும் கோணாமல் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். உத்தரவின் கதையை மட்டும் சொல்லவில்லை. வகுப்பில் சொல்லுகிற கதையா அது! ஆனால் சொல்லாமல் வந்ததிலிருந்து வயிற்றில் ஏதோ செரிக்காத மாதிரி இருக்கிறது. எழுதிவிடுகிறேன். சம்பந்தப்பட்ட பெரிய மனிதர்கள் எல்லோரும் என்னைப் போலப் பென்ஷன் வாங்கிக்கொண்டு காலை நடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நான் திருநெல்வேலிக்காரி. பரீட்சை எழுதி, டெல்லிக்கு ரயிலேறி, முதல் குளிர்காலத்தில் அழுது, இரண்டாவது குளிர்காலத்தில் ஹிந்தி கற்று, சண்முகத்தைக் கல்யாணம் செய்து, லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியேறி, செக்‌ஷன் ஆபீசர் ஆனேன். அத்தனை வருஷமும் இப்படி ஒரே மூச்சில்தான் போயிற்று. தொண்ணூறுகளில் என்னை மனித உரிமை உடன்படிக்கை செக்‌ஷனுக்குத் தூக்கிப் போட்டார்கள். அதுவரை அந்த நாற்காலியில் இருந்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நல்ல சீட், பார்லிமெண்ட் கேள்வி அதிகம் வராது, வெளிநாட்டுக்காரன்தான் கேட்பான், ஒரு தடவை கேட்டால் அப்புறம் சில வருஷம் தலைகாட்ட மாட்டான் என்றார்.

வேலை இதுதான். சில வருஷங்களுக்கு ஒரு முறை நம் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு தடித்த அறிக்கை எழுதி ஜெனீவாவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பல நாட்டு நிபுணர்கள் கொண்ட ஒரு கமிட்டி அதை வரிவரியாகப் படிக்கும். பிறகு நம் ஆட்களைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கும். அறிக்கை எழுத எல்லாத் துறைகளிடமும் விவரம் கேட்டுக் கடிதம் போடுவேன். வந்த பதில்களைத் தனிப் புத்தகமாகவே போட்டிருக்கலாம். ஒரு துறை, தங்களுக்குச் சம்பந்தப்பட்ட மனித உரிமை எதுவும் கையிருப்பில் இல்லை என்று எழுதியது. இன்னொரு துறையிடம் பெண்களின் முன்னேற்றம் பற்றிக் கேட்டால், தங்கள் கட்டிடத்தில் மகளிர் கழிப்பறை ஒன்று கட்டப்பட்டு வருகிறது என்று பதில் வரும். சில வருஷம் கழித்து அடுத்த அறிக்கைக்குக் கேட்டாலும் அதே கழிப்பறை, அதே 'கட்டப்பட்டு வருகிறது'. அந்தக் கட்டிடத்தில் வேலை பார்த்த பெண்களை நினைத்து நான் கவலைப்படாத நாளில்லை.

எங்கள் ஜாயிண்ட் செக்ரெட்டரி கன்னா சாஹிப். உயரமான பஞ்சாபி. குளிர்காலம் முழுக்க ஒரே பழுப்புக் கோட்டு. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நாம் எழுதிக் கொண்டுபோன நோட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டே வாசிப்பார். தோல் அறுந்து போகாமல் ஒரே சுருளாக வர வேண்டும். வரும்வரை பேச மாட்டார். நடுவில் தோல் அறுந்துவிட்டால் தவறு நம் நோட்டில்தான் இருக்கிறது என்று அர்த்தம், திருப்பி எழுத வேண்டும். குளிர்காலத்தில் சந்தையிலிருந்து நல்ல இறுக்கமில்லாத தோல் ஆரஞ்சாகப் பார்த்து வாங்கி வரும்படி நாங்கள் அவருடைய பியூனைத் தனியாகக் கவனித்து வைத்திருந்தோம்.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு அறையில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து பேசினால் அது மீட்டிங். மீட்டிங் என்றால் மினிட்ஸ் போட்டாக வேண்டும், அதாவது யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு. அன்று சாயங்காலமே அது டைப் ஆகி, அவர் கையெழுத்தோடு, அழைக்கப்பட்ட எல்லா ஆபீசுக்கும் போக வேண்டும். வந்தவர்களுக்கும் உண்டு, வராதவர்களுக்கும் உண்டு. வராதவனுக்குத்தான் முக்கியமாக அனுப்ப வேண்டும், வந்தவன் எப்படியும் படிக்க மாட்டான் என்பார். டெஸ்பாட்ச் கிளார்க் ஒருவருக்கு நடந்த பிரிவுபசார டீக்குக்கூட நாங்கள் மினிட்ஸ் போட்டோம். 'கூட்டம் அன்னாரின் சேவையைப் பாராட்டியது. மேல்நடவடிக்கை இல்லை.' அவரோடு மூன்றாவது ஆளாக லிஃப்டில் மாட்டிக்கொண்டால் நாங்கள் வாயே திறப்பதில்லை.

ஒத்திகை அவருடைய யோசனைதான். அதற்கு முன்னால் ஜெனீவா போன ஒரு குழு அங்கே மானத்தை வாங்கிவிட்டு வந்திருந்தது. ஒரு நிபுணர் கேள்வி கேட்டதும் தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாராம், அவர் தமக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாராம், இப்படியே போய்க் கடைசி ஆள் சுவரைப் பார்த்தாராம். இந்தத் தடவை கன்னா சாஹிப்தான் தலைவர். அவர் சுவரைப் பார்க்கிற ஜாதி இல்லை. எங்கள் கமிட்டி அறையையே ஜெனீவாவாக மாற்றினார். ஒரு பக்கம் நம் நாட்டுக் குழு, எதிர்ப்பக்கம் நாங்கள், அதாவது வெளிநாட்டு நிபுணர்கள். நிஜத்தில் அந்த நிபுணர்கள் தங்கள் நாட்டுக்காகப் பேசுவதில்லை, சொந்தப் பொறுப்பில்தான் கேட்பார்கள். அதெல்லாம் நம் ஆட்களுக்குப் பயம் வர உதவாது என்று, ஆளுக்கொரு நாட்டின் பெயரை அட்டையில் எழுதி முன்னால் நிறுத்தச் சொன்னார். என் அசிஸ்டெண்ட் பிரேசில். ஸ்டெனோ சக்சேனா எகிப்து. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மிஸஸ் சண்முகம், உங்களுக்கு நார்வே. லேசில் திருப்தி அடையாத நாடு" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. சண்முகம் பொதுத்துறைக் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர், வேலையில் சிரிக்க ஒன்றும் கிடைக்காததால் சிரிப்பை வீட்டுக்காகச் சேர்த்து வைத்திருப்பார். அன்றிலிருந்து, "என்ன நார்வே, ரசத்துக்கு உப்பு போட மறந்துட்டியா?" என்றுதான் பேச்சு.

முதல் ஒத்திகை சொதப்பல். ஜாயிண்ட் செக்ரெட்டரியை யார் கேள்வி கேட்பது? எகிப்து எழுந்து நின்று, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தது. எகிப்து என்னை சார் என்று கூப்பிடாது, உட்கார்ந்து கேளுங்கள் என்றார் கன்னா சாஹிப். பிரேசில் தன் கேள்வியைத் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லி, நன்றியும் தெரிவித்துவிட்டது. நானும் ஒழுங்கில்லை. பழங்குடியினர் மொழிகள் பற்றி ஏதோ முனகிவிட்டு, டீயும் சமோசாவும் வந்ததும் அடங்கிவிட்டேன். கன்னா சாஹிப் கிளம்பும்போது, நார்வே ஏமாற்றமளிக்கிறது என்றார்.

அந்த ஒத்திகைக்கு நான் எழுதிய மினிட்ஸில் தலைப்பாக 'ஒத்திகைக் கூட்டத்தின் குறிப்பு' என்று போட்டிருந்தேன். கன்னா சாஹிப் பேனாவை எடுத்து 'ஒத்திகை' என்ற சொல்லை மட்டும் அடித்தார். காரணமும் சொன்னார். சர்க்கார் கணக்கில் மீட்டிங்குக்குத்தான் டீயும் சமோசாவும் உண்டு, ஒத்திகைக்குக் கிடையாது. நாளைக்கு ஆடிட்காரன் வந்து, விளையாட்டுக்கு உட்கார்ந்தவர்களுக்கு எதற்குச் சமோசா என்று கேட்டால் என்ன சொல்வது? இனிமேல் எதிலும் அந்தச் சொல் வரக்கூடாது, எகிப்தை எகிப்து என்றே எழுதுங்கள் என்றார். உத்தரவு உத்தரவுதானே. அதன்பின் நான் எழுதிய எதிலும் அந்தச் சொல் வரவில்லை.

இப்போது அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் அந்த வரிசையில் இன்னும் மூன்று வீட்டிலும் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வீடு கூட்டியவள். விழுப்புரம் பக்கம். புருஷன் கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுக்கையில் இருந்தான். ஒரே பெண் செல்வி, எங்கள் பேட்டையில் இருந்த தமிழ்ப் பள்ளியில் பத்தாவது படித்தாள். கொஞ்ச தூரத்தில் ஓடும் பெரிய சாக்கடையை டெல்லியில் நாலா என்பார்கள். அந்த நாலா ஓரத்தில் நம் ஊர் ஜனங்கள் போட்டிருந்த குடிசைகளில் ஒன்றில் இருந்தார்கள். அங்கிருந்து எங்கள் வீடும் பள்ளிக்கூடமும் நடக்கிற தூரம். அவள் பிழைப்பே அந்த நடக்கிற தூரத்தில்தான் இருந்தது.

இரண்டாவது ஒத்திகை அன்று காலையில் அஞ்சலை வந்தாள். வந்தவள் துடைப்பத்தை எடுக்காமல் சமையலறை வாசலில் நின்றாள். நில அலுவலகத்துக்காரர்கள் வந்து ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் புல்டோசர் வரும். வேண்டுமானால் டெல்லியின் கடைசி எல்லையில், பஸ் போகாத ஒரு பொட்டலில் இடம் தருவார்களாம், அதுவும் எப்போது என்று தெரியாதாம். "அங்கேந்து நான் எப்படிம்மா வேலைக்கு வருவேன்? பொண்ணு அடுத்த மாசம் பரிச்சை எழுதணும். புள்ள நேத்தெல்லாம் புஸ்தகத்த மூட்டை கட்டி வச்சிகினு அழுவுது. நீங்க சர்க்கார் ஆபீஸ்லதானம்மா இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அது என் அமைச்சகம் இல்லை, அந்த நில அலுவலகத்தில் எனக்கு யாரையும் தெரியாது, நான் சின்ன ஆள் என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். சொல்லச் சொல்ல எனக்கே வாய் கசந்தது. மனித உரிமை செக்‌ஷனுக்கு நான் ஆபீசர். ஊர் உலகத்துக்கெல்லாம் நம் நாட்டில் வீட்டுரிமை எப்படித் தழைக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவள். என் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பவளின் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்கு எந்த ஃபைலிலும் இடமில்லை. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. குனிந்து கூட்ட ஆரம்பித்துவிட்டாள். கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் இடித்தவனைத் திட்டினேன், ஆபீசில் காரணமில்லாமல் சக்சேனாவைத் திட்டினேன். ஒத்திகையில் நார்வே அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தபோது எனக்குள் வேறு யாரோ புகுந்துவிட்டார்கள். அந்த நில அலுவலகத்தையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம், அங்கிருந்து யாரும் வரவில்லை. வராவிட்டால் என்ன, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைவர்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, உங்கள் தலைநகரத்தில் ஏழைகளின் குடிசையை இடிப்பதற்கு முன் அவர்களுக்கு எங்கே இடம் தருகிறீர்கள்?" என்று கேட்டேன். விதிகளின்படி தகுந்த மாற்று இடம் என்றார் கன்னா சாஹிப். எவ்வளவு தூரத்தில் என்றேன். பொருத்தமான தூரத்தில் என்றார். யாருக்குப் பொருத்தம், வீட்டு வேலைக்கு நடந்து போகிற பெண்ணுக்கா, புல்டோசர் ஓட்டுகிறவருக்கா என்றேன். எகிப்து நிமிர்ந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நடக்கிற சமயத்தில் வீட்டை இடிப்பது உங்கள் வழக்கமா என்றேன். புது இடத்தில் குழாய் முதலில் வருமா, ஜனங்கள் முதலில் வருவார்களா என்றேன். கன்னா சாஹிப் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். அவர் பொத்தானைக் கழற்றி நாங்கள் பார்த்ததே இல்லை.

பிறகு பேசினார் பாருங்கள்! அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நார்வேயிடம் தோற்கக்கூடாது என்ற வீம்பு ஒரு பக்கம். பிரிவினையின்போது அவர் குடும்பமே ஒரு டெல்லிக் கூடாரத்தில் வருஷக்கணக்கில் கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன், அது ஒரு பக்கமாக இருக்கலாம். "நார்வேயின் மதிப்புக்குரிய நிபுணருக்கு நான் உறுதி கூறுகிறேன். என் நாட்டின் தலைநகரத்தில் எந்தக் குழந்தையின் வீடும் தேர்வுச் சமயத்தில் இடிக்கப்படாது. வேலைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில், குழாயும் கழிப்பறையும் பள்ளியும் உள்ள இடம் கொடுக்காமல் யாரும் அகற்றப்பட மாட்டார்கள். கூரை என்பது எங்களுக்குச் சலுகை அல்ல" என்று முடித்தார். அறையே கை தட்டியது. பிரேசில் கண்ணைத் துடைத்துக்கொண்டது. சமோசா ஆறிப் போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மினிட்ஸ் எழுதினேன். நார்வே கேட்டதை நார்வே கேட்டது என்றும், தலைவர் உறுதி கூறியதை உறுதி கூறினார் என்றும் எழுதினேன். கன்னா சாஹிப் ஆரஞ்சை எடுத்தார். தோல் முழுச் சுருளாக வந்தது. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அழைக்கப்பட்ட எல்லா ஆபீசுக்கும் அது போயிற்று. அதற்கு அடுத்த நாள் அவர் குழுவோடு ஜெனீவாவுக்கு விமானம் ஏறினார்.

வந்தவர்கள் அதைப் படிக்கவில்லை என்பது நிச்சயம். வராதவர் ஒருவர் படித்தார். நில அலுவலகத்தின் டெபுடி டைரக்டர், புல்டோசருக்குத் தேதி குறித்த அதே மனிதர், எனக்கு போன் செய்தார். குரல் சரியில்லை. ஜாயிண்ட் செக்ரெட்டரி நிஜமாகவே இப்படிச் சொன்னாரா என்று கேட்டார். என் காதால் கேட்டேன் என்றேன். நார்வே இதை ஏற்றுக்கொண்டதா என்று கேட்டார். நார்வேக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை என்றேன். எனக்கு எதையும் தெரிவிக்காமல் எப்படி உறுதி கொடுக்கலாம் என்றார். தங்களையும் அழைத்திருந்தோம், தாங்கள் வரவில்லை, மினிட்ஸில் திருத்தம் ஏதாவது வேண்டுமானால் எழுத்தில் தாருங்கள், சாஹிப் ஜெனீவாவில் இருக்கிறார், அங்கேயே ஃபேக்ஸ் செய்துவிடுகிறேன் என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. வெளிநாட்டுக்குக் கொடுத்த வாக்கை நான் ஒப்பவில்லை என்று கைப்பட எழுதிக் கொடுக்க எந்த டெபுடி டைரக்டருக்குத் துணிச்சல் வரும்? போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் புல்டோசர் வரவில்லை. அலுவலகத்து ஆள் ஒருவன் மட்டும் நாலா ஓரத்துக்கு வந்து, பரீட்சை முடியும்வரை ஒன்றும் செய்ய மாட்டோம், நார்வே மேடம் தடுத்துவிட்டார் என்று அந்தக் குடியிருப்புக்குத் தலைவராக இருந்த பிரதானிடம் சொல்லிவிட்டுப் போனானாம். அஞ்சலை ஓடி வந்து இதைச் சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தோசை கருகிவிட்டது. சண்முகம் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார், பேப்பர் குலுங்கிக்கொண்டே இருந்தது.

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கன்னா சாஹிப் திரும்பி வந்து, அது வெறும் ஒத்திகை என்று ஒரு வரி எழுதினால் போதும், மறுநாளே புல்டோசர் வந்துவிடும். என் வேலைக்கு என்ன ஆகும் என்பதை நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது சும்மா பேச்சு. நினைத்தேன். ஆனால் செல்வி மூட்டையைப் பிரித்துப் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டாள் என்று அஞ்சலை சொன்னதுதான் அதிகமாக உறுத்தியது.

கன்னா சாஹிப் திரும்பினார். எல்லோருக்கும் ஜெனீவா சாக்லேட் கொண்டு வந்திருந்தார், முகத்தில் மட்டும் இனிப்பில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜையில் நில அலுவலகத்தின் கடிதம் இருந்தது. நார்வே நிபுணருக்கு அளித்த உறுதிமொழியை மதித்து நாலா ஓரக் குடிசைகளை அகற்றுவது தள்ளி வைக்கப்படுகிறது, எட்டுகிற தூரத்தில் மாற்று இடம் தேடப்படுகிறது, இதை நிபுணருக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவர் ஆரஞ்சை எடுத்தார். நான் தோலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதியில் அறுந்தது.

இந்தக் கேள்விகள் நார்வேக்கு எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டார். அஞ்சலையைப் பற்றிச் சொன்னேன். மறைக்கவில்லை. அவள் காலையில் வந்து நின்றது, நான் கைவிரித்தது, செல்வியின் பரீட்சை எல்லாவற்றையும் சொன்னேன். 

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அங்கே என்னை யாரும் கேட்கவில்லை, மிஸஸ் சண்முகம்" என்றார். எனக்குப் புரியவில்லை. "வீட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேறு எதையோ பேசிப் பேசி நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பதிலை நான் விமானத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நன்றாகத்தானே இருந்தது?"

"ரொம்ப நன்றாக இருந்தது சார். எகிப்து இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறது."

"என் சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான் அப்படிப் பேசியிருக்கிறேன். அதை விளையாட்டு என்று என் கையாலேயே எழுதச் சொல்கிறீர்களா?" என்றார். நான் எங்கே சொன்னேன்! "கொடுத்த உறுதிமொழியை நான் திரும்பப் பெற்றதில்லை. யாரிடம் கொடுத்தேன் என்பது வேறு விஷயம்." அறுந்த தோலை ஒதுக்கிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "நார்வே என்ன சொல்கிறது?"

எனக்கு மூச்சு வந்தது. நார்வே இதைப் பாராட்டுகிறது, ஆனால் மாற்று இடம் எங்கே, குழாய் எப்போது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறது என்றேன். அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன். 'தங்கள் கடிதம் நார்வேயின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது.' சத்தியமான வாக்கியம். கூடவே, இனிமேல் இப்படிக் கூட்டங்களின் குறிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே 'ஒத்திகை' என்று அச்சடிக்க வேண்டும் என்று ஒரு உத்தரவும் போட்டார். சமோசா அதோடு நின்றது.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நில அலுவலகம் நார்வேக்கு முன்னேற்ற அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்கு எடுத்துப் போகாத குறையாக ஊன்றிப் படித்து, விடாமல் கேள்வி கேட்டு எழுதினேன். கடைசியில் அதே பஸ் தடத்தில், நாலைந்து ஸ்டாப் தள்ளி இடம் கொடுத்தார்கள். குழாய் வந்தது. கழிப்பறை வந்தது. பள்ளிக்கூடம் கட்டப்பட்டு வருகிறது என்றார்கள். ரேஷன் கார்டு இல்லாத குடும்பங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நார்வே திரும்பத் திரும்பக் கேட்டது, பதிலே வரவில்லை. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

செல்வி பாஸ் செய்தாள். ரிசல்ட் வந்ததே அஞ்சலை மூலம்தான் எனக்குத் தெரியும். புது இடத்துக்கான சீட்டும் கையில் வந்த பிறகு ஒருநாள் அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "யம்மா, கோயில்ல அந்த நார்வேம்மா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணலாம்னு இருக்கேன். குருக்கள் நட்சத்திரம் கேப்பாரே. உங்க ஆபீஸ்ல தெரியுமா?" என்றாள்.

அவர்கள் வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு நட்சத்திரமெல்லாம் கிடையாது என்றேன். பொறந்தவங்களுக்கு நட்சத்திரம் இல்லாம போவுமா என்றாள். அவள் விடுவதாக இல்லை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உத்திரட்டாதி என்று சொல் என்றேன்.

அஞ்சலை குழாயை நிறுத்தினாள். ஒவ்வொரு வருஷமும் என் பிறந்த நட்சத்திரத்தன்று பாயசம் வைத்து அவளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பது வழக்கம். "உங்களுக்கும் அதுதானேம்மா" என்றாள். ஆமாம், அந்த நட்சத்திரத்தில் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றேன். அவள் மறுபடி குழாயைத் திறந்தாள். மறுநாள் காலையில் வாழையிலையில் விபூதி, குங்குமம், இரண்டு பழம், ஒரு தேங்காய் மூடி கொண்டு வந்தாள். "அந்தம்மா ஊரு ரொம்ப தூரமாம். நீங்களே வச்சிக்கோங்க" என்று சொல்லி, நான் எடுத்துக்கொள்வதற்குள் தன் கையாலேயே என் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சண்முகத்துக்கு ஒரு பழத்தைக் கொடுத்தேன். இன்னொரு பழத்தை ஆபீசுக்கு எடுத்துப் போய், கன்னா சாஹிப் தனியாக இருக்கும்போது மேஜையில் வைத்தேன். என்ன இது என்றார். நார்வே பெயரில் கோயிலில் பூஜை நடந்தது, அதன் பிரசாதம் சார் என்றேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதைக் குறித்து வைக்க வேண்டுமா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"எதற்கு? அறையில் இரண்டு பேர்தானே இருக்கிறோம்" என்று சொல்லிப் பழத்தை உரித்தார்.